கம்பளி, பட்டு விரிப்புகளைக் கழுவுவதும் கூலி சொல்வதும்: நெல்லைப் பக்கம் தொழில் தொடங்குவோருக்கு

போனில் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணாச்சி, ஒம்பதுக்குப் பன்னெண்டு கார்ப்பெட் ஒண்ணு கெடக்கு. கழுவித் தர எவ்வளவு கேப்பிய?" புதிதாக வந்தவர் இந்த இடத்தில்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறார். அளவு தெரிந்துவிட்டது, சதுர அடிக்கு இத்தனை என்று பெருக்கிச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். சொல்லாதீர்கள். அது கம்பளியா, பட்டா, பட்டு மாதிரி மினுக்கும் வேறொன்றா, சாயம் நிற்குமா, அடிநூல் இற்றுப்போயிருக்கிறதா என்று எதுவும் தெரியாமல் சொன்ன கூலியை பிறகு ஏற்றவும் முடியாது, அதற்குள் வேலையை முடிக்கவும் முடியாது. "விரிச்சுப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்பதே சரியான பதில். எதைப் பார்ப்பது, பார்த்ததை எப்படிக் கூலியாக மாற்றுவது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

நம் பக்கம் இந்த விரிப்புகள் பல வழியாக வந்து சேர்ந்தவை. மேலப்பாளையம், கடையநல்லூர், காயல்பட்டினம் வீடுகளுக்கு வளைகுடாவிலிருந்து வந்தவை ஒரு வகை. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் காஷ்மீரிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்தவை இன்னொரு வகை. சுற்றுலா போனபோது வாங்கியவை, கல்யாணச் சீராக வந்தவை என்று மீதி. பள்ளிவாசலிலும் சர்ச்சிலும் நீளமாகப் போட்டிருப்பவை அநேகமாக மெஷினில் நெய்த செயற்கை இழை. அது வேறு வேலை, வேறு கணக்கு. இங்கே கம்பளியும் பட்டும் மட்டும்.

முதலில் பின்பக்கம்

விரிப்பு வந்ததும் மேல்பக்கத்தின் பூவேலையில் கண்ணை வைக்காமல் புரட்டிப் போடுங்கள். மேலே தெரியும் டிசைன் பின்பக்கமும் அப்படியே, சின்னச் சின்ன முடிச்சுகளாகத் தெரிந்தால் அது கையால் முடிச்சுப் போட்டு நெய்தது. ஓரக் குஞ்சம் தனியாகத் தைத்ததாக இல்லாமல், பாவு நூலே, அதாவது நீளவாக்கில் ஓடும் அடிநூலே, நீண்டு வெளியே வந்திருக்கும். முடிச்சுகளை ஓர் அங்குலத்துக்கு எண்ணிப் பாருங்கள். நீளவாக்கில் 10, அகலவாக்கில் 10 என்றால் சதுர அங்குலத்துக்கு 100 முடிச்சு. காஷ்மீர்ப் பட்டு விரிப்புகளில் 18-க்கு 18, அதாவது 324 முடிச்சு என்பது சாதாரணமாகப் பார்க்கக்கூடிய எண்ணிக்கை. எண்ணிக்கை கூடினால் கழுவுவது கடினம் என்று அர்த்தமில்லை. கெட்டுப்போனால் நீங்கள் கொடுக்க வேண்டிய தொகை கூடும் என்று அர்த்தம்.

பின்பக்கம் கெட்டித் துணி ஒட்டியிருந்தால் அது 'டஃப்டட்' வகை. துணிக்குள்ளே நூலைக் குத்தி இறக்கி, ரப்பர் பால் பூசி, அதன் மேல் இன்னொரு துணி ஒட்டியது. மேலே சுத்தமான கம்பளியாக இருக்கலாம், அதனால் ஏமாந்துவிட வேண்டாம். ரப்பர் பழசானால் மாவாக உதிரும், ஒருவித வாடையும் வரும். அந்த வாடை கழுவினாலும் போகாது. நிறையத் தண்ணீர் காட்டினால் அடித்துணி உப்பிக் கழன்றுவிடும். வாடிக்கையாளரிடம் இதை வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். கழுவிய பிறகு சொன்னால் அது சாக்காகத்தான் கேட்கும்.

காஷ்மீர் நம்தா வந்தால் இன்னும் கவனம். அது நெசவே கிடையாது. கம்பளியை அடித்து அமுக்கிக் கெட்டியாக்கி, மேலே நூல்வேலை செய்தது. தொட்டியில் முக்கினால் உருவம் கெடும். உலர்ந்த தூசி எடுப்பதும் மேலாகத் துடைப்பதும் மட்டுமே.

அடுத்து, ஒரு மூலையை மெதுவாக மடித்துக் காதருகே வைத்துக் கேளுங்கள். நறநறவென்று ஒடிகிற சத்தம் வந்தால் பாவு நூல் இற்றுவிட்டது. பூந்தொட்டி வைத்த இடம், ஏ.சி. சொட்டிய இடம், மழைச்சாரல் அடிக்கும் ஜன்னலோரம், இந்த மூன்றிலும் கிடந்தவை இப்படி ஆகும். தண்ணீரில் போட்டுத் தூக்கினால் அந்த இடத்தில் கிழிந்து கையோடு வரும்.

பட்டு என்று சொல்லி வருபவை

தொழிலில் அதிகம் கையைச் சுடுவது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பட்டு என்று வீட்டுக்காரர் உறுதியாகச் சொல்லிக் கொண்டுவரும் விரிப்புகளில் கணிசமானவை விஸ்கோஸ், அதாவது மரக்கூழிலிருந்து எடுத்த இழை. 'ஆர்ட் சில்க்', 'பேம்பூ சில்க்' என்று கடைகளில் பெயர் மாற்றி விற்பார்கள். மினுமினுப்பு பட்டைவிடத் தூக்கலாகவே இருக்கும். ஆனால் நனைந்தால் அதன் பலம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். மேலே முடி போல நிற்கும் மேல்நூல் படுத்துக்கொண்டு எழும்பாது, மஞ்சளாகப் பழுக்கும், கை வைத்த இடமெல்லாம் முடி உதிரும். நிஜப் பட்டும் நனைந்தால் கொஞ்சம் பலம் இழக்கத்தான் செய்கிறது, ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

கண்டுபிடிக்க எளிய வழி எரித்துப் பார்ப்பது. வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஓரத்திலிருந்து நாலைந்து இழை மட்டும் உருவி, விரிப்பை விட்டுத் தள்ளிப் போய் இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பட்டும் கம்பளியும் முடி கருகும் வாடை அடிக்கும், தீயை எடுத்ததும் தானே அணையப் பார்க்கும், மிஞ்சும் கரி விரலில் நசுங்கிப் பொடியாகும். விஸ்கோஸும் பருத்தியும் காகிதம் எரிகிற வாடையோடு மளமளவென்று எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர், நைலான் உருகிக் கெட்டி உருண்டையாகிவிடும்.

இன்னும் சந்தேகம் இருந்தால், வீட்டுப் பாத்ரூமுக்கு வாங்கும் ப்ளீச்சை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு கரண்டி ஊற்றி இழைகளைப் போட்டு வையுங்கள். சிறிது நேரத்தில் பட்டும் கம்பளியும் கரைந்துபோகும், விஸ்கோஸ் அப்படியே கிடக்கும். வாடிக்கையாளர் முன்னாலேயே இதைச் செய்து காட்டினால், "ப்ளீச் போட்டா வெளுத்திருமே, ஏன் போட மாட்டீக?" என்ற கேள்வியும் அதோடு தீர்ந்துவிடும்.

விஸ்கோஸ் என்று தெரிந்தால் அதை அவரிடம் சொல்லும் விதத்தில் பக்குவம் வேண்டும். "ஒங்கள ஏமாத்திட்டாங்க" என்று தொடங்கினால் அவர் உங்களைத்தான் சந்தேகிப்பார். "இது பட்டு இல்ல அக்கா, பட்டு மாதிரி நூலு. தண்ணி காட்டுனா கம்மலாயிரும். தூசி எடுத்து மேலாப்புல தொடச்சித் தாரேன்" என்று செய்யப்போகும் வேலையோடு சேர்த்துச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள்.

சீட்டும் படமும்

வீட்டுக்காரர் எதிரிலேயே நீளம், அகலம் அளந்து, குஞ்சத்தை விட்டுவிட்டு எழுதுங்கள். இருக்கிற கறை, கிழிசல், பூச்சி அரித்த இடம், வெளுத்த இடம் ஒவ்வொன்றையும் போனில் படமெடுங்கள். விரிப்பின் மதிப்பு எவ்வளவு என்று அவரையே சொல்லச் சொல்லிச் சீட்டில் குறியுங்கள். கையெழுத்து வாங்குங்கள். சொந்தக்காரர், தெருக்காரர் என்று இதை விட்டுவிட வேண்டாம். சண்டை அங்கேதான் வரும்.

சாயம் நிற்குமா

வெள்ளைப் பருத்தித் துணியை நீங்கள் பயன்படுத்தப்போகும் கரைசலில் நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு நிறத்தின் மீதும் இரண்டு மூன்று நிமிடம் அழுத்தி வையுங்கள். சிவப்பையும் கருநீலத்தையும் கட்டாயம் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் முழுக் கழுவல் கிடையாது. லேசாக மட்டும் ஏறினால் வெள்ளை வினிகர் கலந்த தண்ணீரில் மறுபடி சோதியுங்கள். கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் சாயங்களில் பல புளிப்புத் தண்ணீரில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், சோடா போன்ற காரத்தில் விட்டுவிடும். தேய்ந்த இடத்தில் மை பூசி மறைத்து விற்ற விரிப்பும் இந்தச் சோதனையில் பிடிபடும். சுற்றிலும் நிற்கிற சாயம் அந்த இடத்தில் மட்டும் ஓடும்.

தூசி

தண்ணீர் படும் முன் எவ்வளவு தூசி எடுக்கிறீர்களோ அவ்வளவுக்கு வேலை மிச்சம். கம்பளியின் அடியில் போய் உட்காரும் மணல் மேலே தெரியாது. நனைத்தால் சேறாகிவிடும். கயிற்றுக் கட்டிலிலோ கம்பி வலை அடித்த சட்டத்திலோ மேல்பக்கம் கீழே பார்க்க விரித்து, பின்பக்கத்திலிருந்து உள்ளங்கையால் அல்லது அகலமான மட்டப் பலகையால் தட்டுங்கள். மணல் கொட்டும். நிற்கும் வரை தட்டுங்கள். பிறகு இரண்டு பக்கமும் வேக்குவம், சுழலும் பிரஷ்ஷைக் கழற்றிவிட்டு, மேல்நூல் படுத்திருக்கும் திசையில். பட்டுக்கு உறிஞ்சும் வேகத்தைக் குறையுங்கள். குஞ்சத்தின் மேல் வேக்குவம் ஓட்டவே கூடாது.

கைப்பிடிச் சுவரில் போட்டுக் கம்பால் அடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஜமக்காளத்துக்குச் சரி. முடிச்சு விரிப்புக்கு அது ஆகாது, மடிப்பில் பாவு நூல் அறுந்துபோகும்.

தண்ணீரும் காரமும்

பருத்தி வெளுத்த அனுபவம் உள்ளவர்கள் இந்தத் தொழிலுக்கு வரும்போது ஒன்றை மறந்துவிட்டு வர வேண்டும். உவர்மண், சலவை சோடா, வெள்ளாவி எல்லாம் காரத்தையும் சூட்டையும் நம்பிய முறைகள். பருத்தி தாவர இழை, தாங்கும். கம்பளியும் பட்டும் நம் தலைமுடியைப் போலப் புரதம். காரம் அதைத் தின்னும். துணி துவைக்கும் பவுடர் கரைசலின் பி.எச்., அதாவது புளிப்பா காரமா என்று காட்டும் எண், 10 அளவுக்குப் போகும். நமக்கு 5-க்கும் 8-க்கும் இடையில் இருக்க வேண்டும். போதாக்குறைக்குப் பல பவுடர்களில் ரத்தக்கறை, பால்கறை எடுப்பதற்கென்று புரதத்தைச் சிதைக்கும் என்சைம் சேர்ப்பார்கள். அது கறைக்கும் கம்பளிக்கும் வித்தியாசம் பார்க்காது.

பி.எச். தாள் கையில் இல்லையென்றால் மஞ்சள் போதும். மஞ்சள்தூளைக் கரைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவைத்து, துண்டு துண்டாக வெட்டி டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். கரைசலில் ஒரு துண்டைத் தொட்டுப் பாருங்கள். மஞ்சள் சிவந்தால் காரம் அதிகம், அந்தக் கரைசலைக் கொட்டிவிடுங்கள்.

கம்பளிக்கென்று விற்கும் திரவ சோப்பு, அல்லது விரிப்புக்கென்றே வரும் நடுநிலை ஷாம்பு, இரண்டில் எதுவானாலும் சரி. பட்டுப்புடவைக்குப் பூந்திக்கொட்டை போடுகிறோமே என்று கேட்பார்கள். அடர்நிற விரிப்புக்குப் போடலாம், நல்லதுதான். வெளிர்நிறத்தில் லேசான பழுப்பு ஏறக்கூடும் என்பதால் அங்கே நான் தொடுவதில்லை.

இனித் தண்ணீர். தாமிரபரணிக் குடிதண்ணீரில் சோப்பு நன்றாக நுரைக்கும். ஆற்றை விட்டுத் தள்ளி மானூர், வள்ளியூர், ராதாபுரம் பக்கம் போனால் பல போர்களில் தண்ணீர் கடினம். ஒரு பாட்டிலில் தண்ணீரும் சோப்புத் துருவலும் போட்டுக் குலுக்குங்கள். நுரைக்காமல் தயிர் திரிந்த மாதிரி வெள்ளைக் கசடு மிதந்தால், அந்தக் கசடுதான் கம்பளியிலும் போய் ஒட்டி அதை மங்க வைக்கும். கழுவுவதற்குச் சாதாரண சோப்புக்குப் பதில் திரவ டிடர்ஜென்ட் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் கடைசி அலசல் மட்டுமாவது மென்தண்ணீரில் இருக்கட்டும். மழைத்தண்ணீர்த் தொட்டி கட்டியவர்களுக்கு இது செலவில்லாத வேலை.

ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் அலசும் யோசனை வேண்டாம். சாயமும் சோப்பும் ஆற்றில் போகும், ஆற்று மணல் விரிப்புக்குள் போகும்.

சூடு இன்னொன்று. கம்பளிக்கு 30 டிகிரிக்கு மேல் தண்ணீர் கூடாது. சூடும் ஈரமும் தேய்ப்பும் சேர்ந்தால் கம்பளியின் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கிவிடும், திரும்ப விரியாது. சித்திரை, வைகாசியில் நம் மாடித் தொட்டித் தண்ணீர் மத்தியானம் கையைச் சுடும். காலையில், வெயில் ஏறும் முன் கழுவி முடியுங்கள்.

கழுவும் வேலை

கம்பளி முடிச்சு விரிப்பு, சாயம் நிற்கிறது, அடிநூல் நன்றாக இருக்கிறது என்றால் முழுக் கழுவல் செய்யலாம். வழுவழுப்பான, ஒரு பக்கம் சரிவான சிமென்ட் தரை வேண்டும். பின்பக்கத்தை முதலில் நனைத்துக் கழுவிவிட்டுப் புரட்டுங்கள். மென்மையான பிரஷ்ஷால் மேல்நூலின் போக்கில் மட்டும் தேயுங்கள், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. வைப்பரால் அழுக்குத் தண்ணீரை அதே போக்கில் தள்ளி இறக்குங்கள். ஓடும் தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். தெளிந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் ஒரு முறை அலசுங்கள். உள்ளே சோப்பு தங்கினால் இரண்டே மாதத்தில் முன்னைவிட வேகமாக அழுக்குப் பிடிக்கும், "கழுவின பெறவுதான் அழுக்காகுது" என்ற கெட்ட பெயர் உங்களுக்கு. கடைசியாக 10 லிட்டருக்கு 100 மில்லி வெள்ளை வினிகர் கலந்து ஓட்டுங்கள். சாயம் பிடித்து நிற்கும், பருத்திக் குஞ்சமும் காயும்போது பழுப்பேறாது.

பட்டுக்கு அந்தச் சிமென்ட் தரையே தேவையில்லை. பட்டு விரிப்பின் இரண்டு முனையிலும் மாறி நின்று பாருங்கள். ஒரு பக்கம் வெளிர், மறுபக்கம் அடர். வெளிராகத் தெரியும் பக்கத்திலிருந்து பார்க்கும்போது மேல்நூல் உங்களை விட்டு விலகிப் படுத்திருக்கிறது. கரைசலை நன்றாக நுரைக்க அடித்து, தண்ணீரை விட்டுவிட்டு நுரையை மட்டும் கடற்பஞ்சில் எடுத்து, அந்தப் போக்கிலேயே ஓர் அடி அகலத்துக்கு இழுங்கள். உடனே உலர்ந்த வெள்ளைத் துண்டால் ஒற்றுங்கள். அடுத்த அடி முதல் அடியின் மேல் கொஞ்சம் ஏறி வர வேண்டும், இல்லையென்றால் காய்ந்ததும் தண்ணீர்த் தழும்பு கோடு கோடாகத் தெரியும். பாதியில் சாப்பிடப் போக முடியாத வேலை இது. முழுப் பரப்பும் முடித்து, லேசான ஈரம் இருக்கும்போதே மென்மையான பிரஷ்ஷால் மேல்நூலைப் படியச் சீவி விடுங்கள்.

நம்மூர்க் கறைகளைப் பற்றி ஒரு சொல். விளக்கு எண்ணெய், அல்வா நெய் இவற்றுக்கு முதலில் சோளமாவைத் தூவி ஒரு ராத்திரி வைத்து உறிஞ்ச விடுங்கள், பிறகுதான் ஈரம். குழம்பு சிந்திய மஞ்சள் கறையில் சோப்பை வைத்தால் அப்போதே சிவக்கும், பயந்து இன்னும் தேய்க்காதீர்கள். வினிகர்த் தண்ணீர் காட்டினால் மறுபடி மஞ்சளாகும். மிச்சம் வெளிச்சத்தில் நாளாக நாளாக மங்கும். நாய், பூனை மூத்திரம் பழசானால் காரமாகிச் சாயத்தையே தின்றிருக்கும். வாடை போகும், வெளுத்த நிறம் வராது. இதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். வெற்றிலைக் கறையில் முழு வெற்றி என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

காயப்போடுவதுதான் தொழில்

கழுவுவது ஒரு காலை நேர வேலை. உங்கள் லாபத்தை முடிவு செய்வது காயும் இடம். ஒன்பதுக்குப் பன்னிரண்டு கம்பளி விரிப்பு காய்ந்திருக்கும்போதே 30, 40 கிலோ வரும். நனைந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைத் தொட்டால் தெரியாமலே உள்ளே வைத்துக்கொள்ளும். மேலே தடவிப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று சுருட்டினால் இரண்டு நாளில் பூஞ்சை வாடை.

நனைந்த விரிப்பைக் கொடியில் தொங்கவிடக் கூடாது. கனத்தில் இழுபட்டு உருவம் கோணும், ஓடுகிற சாயம் கீழ்ப்பக்கம் இறங்கும். இரண்டு பக்கமும் காற்றுப் போகும்படி பிளாஸ்டிக் குழாய்ச் சட்டத்தில் வலை கட்டி, மட்டமாக விரியுங்கள். மேலே பச்சை வலைப் பந்தல். நேர் வெயில் பட்டால் சாயம் வெளுக்கும், பட்டு மஞ்சளிக்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டுங்கள். காற்றில்லாத நாளில் அடியில் ஒன்று, மேலே ஒன்று என்று ஃபேன்.

நம் பக்கம் பருவம் இடத்துக்கு இடம் மாறும். ஆனி, ஆடியில் பணகுடி, வள்ளியூர் பக்கம் காற்று பிய்த்து எடுக்கும். நன்றாகக் காயும், ஆனால் புழுதியும் சேர்ந்து வரும், சுற்றிலும் வலை கட்டியே ஆக வேண்டும். அதே மாதத்தில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல், ஒன்றும் காயாது. தென்காசியில் கடை வைத்துக்கொண்டு பாவூர்சத்திரத்துக்குக் கிழக்கே காயப்போடும் இடம் பிடிப்பவர் புத்திசாலி. ஐப்பசி, கார்த்திகை மழையில் யாருக்கும் வெளியே வேலை கிடையாது. மூடிய அறையும் ஃபேனும் ஈரம் உறிஞ்சும் மெஷினும் இருந்தால் மட்டும் வேலை எடுங்கள்.

சிக்கல் என்னவென்றால், பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்கிறவர்கள் எல்லோரும் அந்த மழைக்குள்தான் போன் செய்வார்கள். செப்டம்பரிலேயே பழைய வாடிக்கையாளர்களுக்கு நீங்களாகப் போன் செய்து விரிப்பை வாங்கி வைத்துவிடுங்கள். டிசம்பரில் கேட்டால் ஈரமில்லாத தூசி வேலை மட்டும்தான் என்று சொல்லிப் பழக்குங்கள்.

இனிக் கூலி

பக்கத்து ஊர்க்காரர் என்ன வாங்குகிறார் என்று விசாரித்து, அதில் அஞ்சு ரூபாய் குறைத்துத் தொடங்குவது நம்மூரில் எல்லாத் தொழிலிலும் உள்ள வழக்கம். இங்கே அது நிற்காது. உங்கள் இடம் மாதத்துக்கு எத்தனை சதுர அடியைக் காயவைக்கும் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. எண்கள் நானாக வைத்தவை, உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். காயப்போடும் சட்டம் 300 சதுர அடி. நல்ல காலத்தில் ஒரு விரிப்புக்கு இரண்டு நாள் என்றால், மாதத்தில் வேலை நாள் 24-க்கு 12 சுற்று, 3,600 சதுர அடி. மழைக்காலத்தில் நாலு நாள் என்றால் 1,800 சதுர அடி. இரண்டு ஆள் சம்பளம் 30,000, இட வாடகை 12,000, கரண்ட், தண்ணீர், வண்டி 12,000, ஆக 54,000. சட்டம் நிறைந்திருந்தால் சதுர அடிக்கு 15 ரூபாய் அடக்கம். புதுக் கடையில் சட்டம் ஒருநாளும் நிறைந்திருக்காது. பாதி என்று வைத்தால் 30 ரூபாய். மழைக்காலத்தில் பாதி என்றால் 60. மழைக்காலத்துக்குத் தனிக் கூலி ஏன் வேண்டும் என்பது இதிலேயே தெரியும்.

இப்போது ஆறுக்கு ஒன்பது கம்பளி விரிப்பு ஒன்றுக்குப் போடுவோம். 54 சதுர அடி. அடக்கம் 30 வீதம் 1,620. ஷாம்பு, வினிகர், துண்டு என்று சதுர அடிக்கு 5 வீதம் 270. கொண்டுவந்து கொடுக்க 200. கூட்டினால் 2,090. உங்கள் உழைப்புக்கும் கெட்டுப்போனால் ஈடுகட்டவும் கால்பங்கு சேர்த்தால் 2,600-க்கு அருகில். சதுர அடிக்கு 48 ரூபாய் வருகிறது. நல்ல நாளில் இதற்குக் கீழே இறங்கினால் உங்கள் உழைப்புக்கான பங்கே குறைகிறது.

பட்டுக்கு இந்த முறையில் சதுர அடி விலை வைக்காதீர்கள். அது தரைக் கணக்கு, பட்டு ஆள்நேரக் கணக்கு. மூணுக்கு அஞ்சு பட்டு விரிப்பு 15 சதுர அடிதான், ஆனால் நல்ல கைவேலைக்காரருக்கு அரைநாள் போய்விடும். மணிக்கு இவ்வளவு என்று வைத்து, அதோடு பொருளின் மதிப்பையும் பாருங்கள். மூணு லட்சம் என்று சீட்டில் எழுதிய விரிப்பை ஆயிரம் ரூபாய்க்குத் தொடுவது தொழில் இல்லை, சூதாட்டம். கடைக்கு எடுக்கும் காப்பீட்டில், உங்கள் காவலில் இருக்கும் பிறர் பொருளும் அடங்குகிறதா என்று கேட்டு எடுங்கள். இழப்பு நேர்ந்தால் எந்தத் தொகை வரை நீங்கள் பொறுப்பு என்பதைச் சீட்டிலேயே அச்சிடுங்கள். எத்தனை சின்ன விரிப்பானாலும் இதற்குக் கீழே இல்லை என்று ஒரு குறைந்தபட்சக் கூலியும் இருக்கட்டும்.

பேரம் கட்டாயம் வரும். "தண்ணில முக்கி எடுக்கதுக்கா இவ்வளவு?" என்று கேட்பார்கள். கூலியைக் குறைக்காமல் வேலையைக் குறைத்துக் காட்டுங்கள். முழுக் கழுவல் வேண்டாம், தூசி எடுத்து மேலாகத் துடைத்தால் இவ்வளவு. கொண்டுவந்து கொண்டுபோவது வாடிக்கையாளர் பொறுப்பு என்றால் இவ்வளவு. வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்கட்டும். மூத்திர வாடை, பூஞ்சை, சாயம் ஓடும் விரிப்பு மூன்றுக்கும் கூடுதல் கூலி என்பதைச் சுவரில் எழுதிப் போட்டுவிடுங்கள். முகம் பார்த்துச் சொன்னால் சண்டை. பாதி முன்பணம் வாங்காமல் தண்ணீர் காட்டாதீர்கள். கழுவி ஆறு மாதமாக எடுக்க வராத விரிப்புகள் எல்லாக் கடையிலும் உண்டு.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், முதல் மாதமே செய்துவிடுங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது. ஆனால் ஹோட்டல் வேலை எடுக்கத் தொடங்கினால் அவர்களே அந்த எண்ணைக் கேட்பார்கள்.

தொட வேண்டாதவை

பத்தமடைப் பட்டுப்பாயைப் பட்டு விரிப்பு என்று சொல்லிக் கொண்டுவருவார்கள். அது கோரைப்புல். தண்ணீர் விட்டால் சுருண்டு கறுக்கும். நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து நிழலில் ஆறவைத்துக் கொடுத்துவிடுங்கள். கூலி கேட்க மனசு வராது, வேண்டவும் வேண்டாம். அடுத்த முறை கம்பளியோடு வருவார்.

வெள்ளத்தில் முழுகிய விரிப்பு வேறு சங்கதி. 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஏறியபோது தெருவில் ஓடியது ஆற்றுத் தண்ணீர் மட்டும் அல்ல, சாக்கடையும் சேர்ந்தது. அப்படி நனைந்ததைச் சேறு காயும் முன், ஒரு நாள் இரண்டு நாளுக்குள் அலசினால்தான் உண்டு. கையுறை இல்லாமல் தொடக் கூடாது. மற்ற விரிப்புகள் இருக்கும் தரையில் போடவும் கூடாது. வாரக்கணக்கில் சுருட்டி வைத்த பிறகு கொண்டுவந்தால், டஃப்டட் வகையாக இருந்தால் மறுத்துவிடுங்கள். முடிச்சு வகையானால் அடிநூலைச் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடிநூல் இற்றது, மை பூசியது, சாயம் நில்லாத பழைய பட்டு இவற்றையும் திருப்பி அனுப்பலாம். பார்த்துச் சொன்னதற்கு மட்டும் ஒரு சின்னத் தொகை வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் வேலைதான்.

திருப்பிக் கொடுக்கும்போது

மேல்நூலின் போக்கிலேயே, குழல் ஒன்றின் மீது சுருட்டுங்கள். மடிக்கக் கூடாது. பிளாஸ்டிக்கில் சுற்றினால் உள்ளே வேர்க்கும், பழைய காட்டன் சேலை அல்லது வேட்டி போதும். கம்பளியைத் தின்பது அந்துப்பூச்சியின் புழு. அது இருட்டும் அசைவில்லாத இடமும் தேடும், சோபாவுக்கு அடியில் மறைந்திருக்கும் பாகத்தைத்தான் முதலில் அரிக்கும். வசம்பு, வேப்பிலை வைக்கலாம், பூச்சி வருவதைக் கொஞ்சம் தடுக்கும். ஏற்கனவே இருக்கும் முட்டை இவற்றால் சாகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை விரித்து இரண்டு பக்கமும் தூசி எடுக்கவும், வருடத்துக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடு மாற்றிப் போடவும் சொல்லிக் கொடுங்கள்.

வீட்டுக்காரர் முன்னால் முழுசாக விரித்துக் காட்டி, வாங்கும்போது எடுத்த படங்களையும் காட்டி, சீட்டில் "சரியாகப் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்கிய பிறகு மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அந்தச் சீட்டை ஒரு வருடமாவது எடுத்து வையுங்கள். அடுத்த தடவை அதே விரிப்பு வரும்போது எந்தச் சாயம் ஓடியது, எத்தனை நாளில் காய்ந்தது என்று அதிலேயே இருக்கும்.